ஒரே ஒரு சீட்

இது யாருக்கோ எங்கேயோ நடந்ததாகக் காதில் வாங்கி வந்து சொல்வது இல்லை. என் கையால் தொட்டது. வலது கை, நடு மூன்று விரல். இன்றைக்கும் மதியம் ஒரு மணி தாண்டினால் அந்த மூன்று விரல் மட்டும் சில்லிட்டுப் போகிறது. பயந்த சுபாவம் உள்ள பிள்ளைகள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். இல்லை, வேண்டாம் கண்ணுகளா... தனியாகவே படியுங்கள்.

பேய் என்றால் நடுராத்திரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் புதுச்சேரியில் ஒன்றிலிருந்து நாலு வரை கடைகளை எல்லாம் சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு நாய் நடந்தால் அதன் நகச் சத்தம் கேட்கும். எல்லாம் ஆரம்பித்தது அந்த வெயிலில்தான்.

நான் கார் சீட் தைப்பவள். முப்பத்தெட்டு வருடமாக அதுதான் சோறு. பழைய சீட்டின் உறையைப் பிரித்து ஃபோமைத் தடவினால், உட்கார்ந்தவர் ஒல்லியா குண்டா, எந்தப் பக்கம் சாய்கிறவர் என்று சொல்லிவிடுவேன். மனுஷ உடம்பு உட்கார்ந்த இடத்தில் தன் அச்சை விட்டுவிட்டுத்தான் எழுந்து போகும்.

ஷஃபீக் என் கணவரின் அண்ணன் மகன்; சித்தியான என்னைச் சாச்சி என்பான். இருபத்தாறு வயது. என் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கார் மெக்கானிக். அவனுக்கு ரேஸ் பைத்தியம். வளைந்து வளைந்து ஓடுகிற ரேஸ் இல்லை. நேர்க்கோட்டில் நானூறு மீட்டர். யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பது மட்டும்தான். வருடம் ஒருமுறை, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பழைய விமான ஓடுபாதையில் அனுமதி வாங்கி நடத்துகிறார்கள். போன வருடம் இவன் கடைசி. "அடுத்து வருவது பாண்டிச்சேரி ஷேர் ஆட்டோ!" என்று மைக்கில் ஒருவன் சொல்ல, மொத்தக் கூட்டமும் சிரித்ததாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை பிள்ளை.

இந்த வருடம் ஜனவரியில் அரியாங்குப்பத்தில் ஒரு தரகரிடம் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி வந்தான். சின்னக் கார். "காசு இருக்குறவன் இன்ஜினைப் பெருசாக்குவான் சாச்சி. நம்மள மாதிரி ஆளு எடையைக் கொறைக்கணும்" என்றான்.

பிப்ரவரியில், ரேஸுக்கு ஆறு நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை பிரிக்க ஆரம்பித்தார்கள். அவனும் அவன் சிநேகிதன் அன்பழகனும். காயலான் கடையிலிருந்து தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, கழற்றியதை எல்லாம் எடை போட்டு, ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதினார்கள். ஸ்டெப்னி பதினொன்று. பின் சீட் பதினாலு. முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட் பன்னிரண்டு. ஏசி, அதன் குழாய்கள், தரை விரிப்பு, அதற்குக் கீழே ஒட்டியிருந்த தார்ப் பட்டை, கதவின் உள்பலகை, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி... கடைசியில் டிக்கிக்குள் எரியும் குட்டி விளக்கின் பல்பைக்கூட விடவில்லை.

"மச்சான், நீ ராத்திரி ரெண்டு பரோட்டாவ கொறச்சா இந்த பல்பெல்லாம் திரும்ப மாட்டிக்கலாம்டா" என்றான் அன்பழகன்.

"மொதல்ல உன் வாயைக் கழட்டி தராசுல வைக்கிறேன். அதுவே அஞ்சு கிலோ இருக்கும்" என்றான் இவன்.

நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததுதான்.

மொத்தம் நூறு கிலோ. காருக்குள் மிஞ்சியது ஒரே ஒரு சீட். டிரைவர் சீட். அதிலும் பழைய கனத்த ஃபோமை எடுத்துவிட்டு, மெல்லிசாக ஒன்று வைத்துத் தைத்துத் தரச் சொன்னான்.

கழற்றிய பின் சீட்டை என் முன்னறையில் கொண்டுவந்து போட்டார்கள். பழக்கதோஷம், உறையைப் பிரித்துத் தடவினேன். இடது மூலையில் மட்டும் ஒரு பள்ளம். சின்னது. ஆனால் ஆழம். ஒரே ஆள், ஒரே இடத்தில், வருடக்கணக்காக உட்கார்ந்த பள்ளம். மீதி சீட் முழுக்கப் புதுசு போல இருந்தது. யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் செவ்வாய். மதியம் 2.10. சாப்பிட்டு வந்து பார்க்கிறேன்...

பள்ளம் இல்லை.

வருடக்கணக்கில் அமுங்கிய ஃபோம் எழும்பாது. வெயிலில் வைத்தாலும் எழும்பாது. அது செத்த ஃபோம். இது பலகை மாதிரிச் சமமாக நின்றது. எழுந்து போய்விட்ட மாதிரி.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வயசாகிவிட்டது, கண் ஏமாற்றுகிறது என்று இருந்துவிட்டேன். அந்தக் குறை என்னோடுதான் கப்ருக் குழிக்கு வரும்.

புதன்கிழமை பைபாஸில் உள்ள எடை மேடைக்குக் காரை ஓட்டிப் போனார்கள். கம்பெனிப் புத்தகத்தில் இந்தக் காரின் எடை 650 கிலோ. நூறு போனால் 550 இருக்க வேண்டும். ஷஃபீக் இறங்கி நின்றான். எண் எரிந்தது.

590.

மேடை கெட்டுவிட்டது என்று நினைத்து, காரை இறக்கிவிட்டு அன்பழகனை ஏற்றி நிறுத்தினார்கள். சரியாக 70. அவன் எடை அதுதான். திரும்பக் காரை ஏற்றினார்கள். 590.

"நாப்பது கிலோ எங்கடா ஒளிஞ்சிருக்குது?" என்று குனிந்து குனிந்து தேடியிருக்கிறார்கள். ஒளிய இடம் ஏது? வெறும் தகரமும் ஒரு சீட்டும்தானே மிச்சம்.

வியாழக்கிழமை காலையில் அவன் மனைவி நிதா என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமி, அவருக்கு ரெண்டு தொடையிலயும் பட்டையா ரத்தம் கட்டியிருக்குது. காரை ஓட்டிட்டு வந்தா அரை மணி நேரம் காலு மரத்துப் போவுதாம். கேட்டா கத்துறாரு. நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்."

கேட்டேன். "சீட்டு மெல்லிசா இருக்குதுல்ல, அதான் சாச்சி" என்றான்.

மெல்லிய சீட்டில் உட்கார்ந்தால் தொடைக்குக் கீழே வலிக்கும். ரத்தம் கட்டியது தொடைக்கு மேலே...

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு 12.45க்குப் போனான். போகும்போது, "சாச்சி, உறையை மாட்டிடு, வந்துடுறேன்" என்றான். தெரு அடங்கிவிட்டது. நான் ஷெட்டுக்குள் போய், காரின் திறந்த கதவுப் பக்கம் தரையில் முட்டி போட்டு, டிரைவர் சீட்டுக்கு உறை மாட்டினேன். மாட்டி முடித்து, உள்ளே ஒரு சுருக்கம் இருக்கிறதே என்று, உறைக்கும் ஃபோமுக்கும் நடுவே கையை விட்டு நீவினேன்.

அப்போது மணி 1.34. போனைத் தரையில் பக்கத்தில் வைத்திருந்தேன்.

க்ர்ர்ர்க்...

சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் சத்தம்.

கார் மெதுவாகத் தாழ்ந்தது. யாராவது ஏறினால் தாழுமே, அப்படி.

என் கண் எதிரே உறை அமுங்கியது. இரண்டு பள்ளம். பக்கம் பக்கமாக.

என் விரல்கள் அதற்கு அடியில்.

இழுத்தேன். வரவில்லை.

கனம்... சில்லென்று ஒரு கனம். பனிக்கட்டிச் சில் இல்லை. மழையில் நனைந்து வந்தவர் பக்கத்தில் நின்றால் அடிக்குமே, அந்தச் சில்.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

1.36.

1.38.

கைமேல் ஏதோ அசைந்தது. எழுந்திருக்கவில்லை. நகர்ந்தது. அடுத்தவர் கைமேல் உட்கார்ந்துவிட்டது தெரிந்தால், நாம் லேசாக நகர்ந்து கையை எடுக்கவிடுவோமே...

அப்படி.

1.41க்கு என் கை வெளியே வந்தது. பள்ளம் அப்படியே இருந்தது.

ஷஃபீக் வந்ததும் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"பின் சீட்டைத் திரும்ப மாட்டிடுப்பா. அதுல ஒண்ணு உக்காந்து வந்துக்கிட்டு இருந்துருக்குது. அது பாட்டுக்கு இருந்துது. நீ எல்லா சீட்டையும் கழட்டிட்ட. இப்ப இருக்குறது ஒண்ணுதான். அது எங்க உக்காரும்? நீயே சொல்லு."

"நின்னுக்கிட்டு வரட்டும் சாச்சி. டவுன் பஸ்ல நாம வரல?"

"வெளையாடாத ஷஃபீக்."

"பதினாலு கிலோ சாச்சி! அதுக்குப் பயந்து பதினாலு கிலோவத் தூக்கிட்டு ஓடச் சொல்றியா? இந்த வருஷமும் ஷேர் ஆட்டோன்னு சிரிப்பானுங்க."

சனிக்கிழமை அவன் வெளியே போன நேரம், அன்பழகன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவனை வைத்தே அந்த சீட்டைக் காரில் மாட்டினேன். அவனுக்கும் உள்ளூர பயம். மாட்டிவிட்டான். ஞாயிறு காலையில் நானும் கூட வருவேன் என்று அடம் பிடித்து, அன்பழகன் கொண்டுவந்த வண்டியில் ஏறிப் போனேன்.

ஓடுபாதையில் போய் இறங்கியதும் ஷஃபீக் முதல் வேலையாக அந்த சீட்டைக் கழற்றினான். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தூக்கி வந்து என் பக்கத்தில் தரையில் வைத்தான்.

"உக்காந்து பாரு சாச்சி. வெயிலு ஏறுது, முக்காட்ட நல்லாப் போட்டுக்க."

அதுதான் அவன் நிமிர்ந்து நின்று என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை.

9.12க்குப் பச்சை விளக்கு.

கார் பாய்ந்தது. எங்கள் பிள்ளை முன்னால். கூட்டம் விசில் அடித்தது. நானூறு மீட்டரைப் பதினேழரை நொடியில் தொட்டுவிட்டான். அவன் வாழ்நாளில் ஓடாத வேகம். அன்பழகன் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான்.

கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் பிரேக் பிடிப்பார்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரியும்.

எரியவில்லை.

"பிரேக் புடிடா..." என்றான் அன்பழகன். மெதுவாகத்தான் சொன்னான்.

வேகம் குறையவில்லை. கூடியது.

ஓடுபாதை முடிந்தது. அப்பால் வேலிகாத்தான் புதர். ஒரு மண்மேடு.

டம்ம்...

பிறகு புழுதி மட்டும்.

உயிர் இருந்தது. அல்லாஹ் வைத்த உயிர். இரண்டு தொடை எலும்பும் முறிந்திருந்தன. தகரத்தை வெட்டி அவனை வெளியே எடுத்தபோது என் காதில் சொன்னான்.

"காலைத் தூக்க முடியல சாச்சி. பிரேக் பக்கத்துலதான் இருக்குது. மடியில உக்காந்துக்கிட்டு எழுந்திருக்கவே இல்ல."

காரைப் பரிசோதித்தவர்கள் பிரேக்கில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள். நொறுங்கியதை வீட்டில் வைத்திருக்க நிதா சம்மதிக்கவில்லை. அன்பழகன் காயலான் கடையில் போட்டுவிட்டான். அவர்கள் அன்றைக்கே வெட்டிவிட்டார்கள். ஓடுபாதையிலிருந்து திரும்பி வந்து என் முன்னறையில் கிடந்த அந்தப் பின் சீட்டையும் நானே சேர்த்து அனுப்பினேன். நானேதான். தொலையட்டும் என்று.

பதினோராம் நாள், கார் பெயர் மாற்றும் தாளில் கையெழுத்துப் போட, காரை முன்பு வைத்திருந்தவர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். தேவதாஸ் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். கட்டிலில் கிடந்த ஷஃபீக்கின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"பின் சீட்டக் கழட்டுனாங்களாம்மா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"தரகர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கழட்ட வேணாம்னு சொல்லுங்கன்னு. வாங்குறவங்க ஓடிப்போயிடுவாங்கன்னு சொல்லாம விட்டுட்டாரு போல. நானும் ஒரு தடவ கழட்டினேங்க. சரக்கு ஏத்துறதுக்காக எல்லாத்தையும் கழட்டி, என் சீட்டு மட்டும் வச்சிக்கிட்டேன். மூணு மாசம் என் மடியில இருந்துச்சி. டாக்டருங்க நரம்புன்னாங்க."

"யாரு அது?"

"தெரியாதும்மா. எனக்கு வித்தவரும் வேற ஒருத்தர்கிட்ட வாங்குனவருதான். அவருக்கும் தெரியல."

"உங்கள விட்டு எப்படிப் போச்சி?"

"சீட்டத் திரும்ப மாட்டினேன். அது பாட்டுக்கு எழுந்து அங்க போயி உக்காந்துகிச்சி. அவ்வளோதாங்க, அதுக்கு வேற ஒண்ணும் வேணாம்." ஷஃபீக் கிடந்த அறையைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் இன்னைக்கே மாட்டிடுங்க. வண்டி எங்க இருக்குது?" என்று கேட்டார்.

"காயலான் கடையில வெட்டியாச்சி. அந்த சீட்டையும் நான்தான் அனுப்பினேன்" என்றேன்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது கண்ணுகளா. ஷஃபீக் வீட்டில்தான் இருக்கிறான். உடம்பு வற்றி, ஐம்பது கிலோகூட இருக்க மாட்டான். அவனைக் கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்க மூன்று ஆள் தேவைப்படுகிறது.

நேற்று மதியம் 1.20க்கு டாக்டர் வந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எலும்பு முழுசாகக் கூடிவிட்டது, இனி ஒரு தடையும் இல்லை என்று சொல்லி, "எழுந்து நில்லுங்க தம்பி" என்று கை நீட்டினார்.

ஷஃபீக் அந்தக் கையைப் பார்க்கவில்லை. தன் மடியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மொதல்ல இத எழுந்திருக்கச் சொல்லு சாச்சி."