டிரம்ஸ்காரன் கடைசியில வருவானா?

மலை ஜீப் ஓட்டுறவனுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கணும், காது பின்னாடி உக்காந்திருக்கிற பொம்பளைக பேச்சுல இருக்கணும். ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு விடியக் காலம் கூடலூர்ல இருந்து கெளம்புற என் சகபாடிகளே, பனிக்குள்ள பானெட்டே தெரியாம ஓட்டுற நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும். எனக்கு நடந்ததையும் கேட்டுக்கோங்க. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

காதால பாக்குற படம்

என் ஜீப்புல சினிமாப் பாட்டு கெடையாது. ஒரே ஒரு படத்தோட சத்தம்தான் ஓடும். வெளிநாட்டு ராக் பேண்டு ஒண்ணு, நாலு சடைமுடிப் பயலுக, அவங்களே நடிச்ச கிறுக்குப் படம். அதை எவனோ புண்ணியவான் தமிழ்ல டப்பிங் பண்ணியிருக்கான். கிடாரு வாசிக்கிறவனுக்கு மாட்டைக் கண்டா பயம். பாடுறவன் பசிச்சாத்தான் பாடுவான். கல்யாணத்துக்கு வாசிக்கப் போனவங்க வழி தப்பி ஜெயிலுக்குள்ள போயி, அங்கன கைதிகளை மொய் எழுதச் சொல்லுவாங்க. எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. படத்தோட பேரு மட்டும் தெரியாது. பென் டிரைவுல டைட்டிலே இல்ல. போன்ல தேடாத எடமில்ல, அப்படி ஒரு படம் வந்ததுக்கான தடயமே கெடையாது.

படம் மொத்தத்தையும் நான் ஒருதரம்தான் கண்ணால பாத்தேன். வண்டியில முக்கால்வாசிதான் கேக்க முடியும், அதுக்குள்ள தோட்டம் வந்துரும். இஞ்சினை அணைச்சா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். எறக்கத்துல நான் எதையும் போடுறதில்ல, பிரேக்கு சத்தம் காதுல விழணுமில்ல. அதனால தெனமும் ஆரம்பம் உண்டு, முடிவு கெடையாது. பின்சீட்டு ராசாத்தி அக்காதான் ஒருநாள் தாங்க மாட்டாம சொன்னாக: "ஏப்பா, இந்தக் கிறுக்குப் பயலுகளோட நீ பண்ற குடித்தனத்துக்கு உனக்குப் பொண்டாட்டி ஒரு கேடா?"

பாண்டி குடுத்த பென் டிரைவு

அந்தப் படத்தைக் குடுத்தது பாண்டி. எனக்கு முன்னாடியே இந்த ரூட்டுல ஜீப்பு ஓட்டுனவன், என்னைவிடப் பெரிய ரசிகன். குமுளி தாண்டி எஸ்டேட் ரோட்டுல கன்னிமார் வளைவுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு ஜீப்புதான் போக முடியும். ஏறுறவன் ஹாரன் அடிப்பான். எதிர்ல எறங்குறவன் விட்டு விட்டு அடிச்சா 'நில்லு, நான் வர்றேன்'னு அர்த்தம். நீளமா ஒண்ணு அடிச்சா 'நான் ஒதுங்கிட்டேன், நீ போ'. பாண்டி 'நில்லு'ன்னு சொல்றதைக்கூட சும்மா சொல்ல மாட்டான். படத்துல டிரம்ஸ்காரன் அடிக்கிற அடி இருக்கே, பாம் பாம் பபபாம், அதை அப்படியே ஹாரன்ல அடிப்பான். அந்த அடி அவன் ஒருத்தனுக்குத்தான் வரும்.

போன ஐப்பசி மழையில ஆள் இல்லாத வண்டியை எறக்கிக்கிட்டு வந்தவன், அதே வளைவுல உருண்டுட்டான். ஜீப்பு கெடைச்சிருச்சு. அவன் கெடைக்கல. கீழ ஓடையில அன்னைக்கு வெள்ளம். தேடாத பள்ளமில்ல. அவன் பொண்டாட்டி செல்லத்தாயி என் வண்டியிலதான் ஏலக்காப் பழம் எடுக்க வருவா, எனக்குப் பின்னாடி ஓரத்துல உக்காருவா. கழுத்துல தாலி, தலையில பூ. ஆடி அமாவாசைக்குள்ள காரியத்தை முடிச்சுத் தாலியை எறக்கிறணும்னு மாமியா வீட்டுல நெருக்குறாக. இவ மாட்டேங்குறா.

படத்துல பாதியில டிரம்ஸ்காரன் ஆத்துல விழுந்து காணாமப் போவான். மத்த மூணு பேரும் ஊரு ஊராத் தேடுவாங்க. அதுக்குள்ள நம்ம தோட்டம் வந்துரும். ஒருநாள் எறங்கும்போது செல்லத்தாயி ஜன்னல்கிட்ட வந்து கேட்டா: "அண்ணே, அந்த டிரம்ஸ்காரன் கடைசியில வருவானா?"

எனக்கு முடிவு தெரியும். தெரிஞ்சதாலதான் வாயைத் தொறக்கல.

யாருக்கு நின்னேன்?

ஆனி கடைசியில நல்ல பனி. வளைவுக்கு முன்னாடி ஹாரன் அடிச்சேன். வளைவுக்குள்ள இருந்து பதில் வந்துச்சு: பாம் பாம் பபபாம். ஸ்பீக்கர்ல இருந்துதான் வருதுன்னு நெனச்சு சத்தத்தை அணைச்சேன். மறுபடி வந்துச்சு. 'நில்லு, வர்றேன்'னு ஒருத்தன் சொல்லும்போது மீறிப் போக எந்த டிரைவரால முடியும்? ஓரங்கட்டி நின்னேன். பின்னாடி வந்த ஜீப்பெல்லாம் வரிசையா நின்னுருச்சு. எதிர்ல எந்த வண்டியும் வரல. பனி மட்டும் எறங்கி வந்துச்சு.

எனக்கு அடுத்த வண்டி கருப்பசாமி எறங்கி வந்து, வளைவைத் தாண்டி நடந்து பாத்துட்டுத் திரும்பினான். மொகம் வெளுத்துப்போயிக் கெடந்துச்சு, ஆனா வீறாப்பு போகல. பானெட்டுல ஒரு தட்டு தட்டிட்டுக் கத்தினான்: "ஏலே, ஆளே இல்லாத ரோட்டுல யாருக்குலே நிக்கிற?"

கேட்டுல நின்ன மலையாளத்துக்காரரு

எஸ்டேட் கேட்டுல ஒரு வயசான காவக்காரரு. புதுசா வந்தவரு, பாண்டியைப் பாத்ததே இல்ல. ஒருநாள் கேட்டைத் தொறக்க வந்தவரு என் ஸ்பீக்கரையே உத்துப் பாத்தாரு. என்னமோ படம் புடிச்சுப்போச்சுன்னு எனக்கு ஒரே சந்தோசம். ஜெயில் காமெடி வரைக்கும் கையை ஆட்டி ஆட்டி வெளக்க ஆரம்பிச்சேன். ரசிகனுக்குக் கேக்க ஒரு காது கெடைச்சா விடுவானா?

அவரு என் கதையைக் காதுல வாங்கவே இல்ல. நாங்க ஏறி வந்த ரோட்டைக் கைகாட்டிட்டு அமைதியாச் சொன்னாரு: "நின்டெ கூட்டுக்காரன்டெ ஜீப்பு இப்பத்தான் எறங்கிப் போயல்லோ. இதே பாட்டு தன்னே."

என் சேக்காளியோட ஜீப்பு இதே பாட்டோட இப்பத்தான் எறங்கிப் போச்சுங்குறாரு. எங்க எதிர்ல அன்னைக்கு ஒரு வண்டியும் வரல.

பஞ்சாயத்து

அதுக்கப்புறம் பொம்பளைக கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தாக. படத்தை நிப்பாட்டணும், இல்லாட்டி வேற ஜீப்புல ஏறிக்கிருவாகளாம். ராசாத்தி அக்கா என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாக, "தெனமும் காணாமப் போனவனைத் தேடுற கதையக் கேட்டுக் கேட்டு அந்தப் புள்ள அரையாளாப் போச்சு. அந்த ஹாரன் வேற 'நில்லு, வர்றேன்'னு அவளை நிக்க வைக்குது. நீயெல்லாம் மனுசனாய்யா?" எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பென் டிரைவைப் புடுங்கிப் பைக்குள்ள போட்டுட்டேன்.

செல்லத்தாயி கையை நீட்டினா. "படத்தைப் போடுங்கண்ணே." அவ அழுகல, சண்டையும் போடல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா: "அவுக இல்லன்னு ஊரு சொல்லி நான் தாலியை எறக்க மாட்டேன். அவுகளே சொல்லட்டும், எறக்குறேன்."

முடிவு

ஆடி அமாவாசைக்கு மொதநாள். மாமியா வீட்டுல எல்லா ஏற்பாடும் பண்ணிட்டாக, இவ ஒத்துக்கிடாம வேலைக்கு வந்துட்டா. வளைவுல ஹாரன் அடிச்சேன். பாம் பாம் பபபாம். நின்னேன். பின்னாடி கருப்பசாமியும் நின்னான். இந்தத் தடவை அவன் எறங்கிக் கத்தல, இஞ்சினையும் அணைச்சுட்டான்.

நான் அணைக்கல. படம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. வழக்கமாத் தோட்டம் வரும்போது நிக்கிற கட்டத்தையும் தாண்டிருச்சு. டிரம்ஸ்காரன் செத்துட்டான்னு முடிவு பண்ணி, மூணு பேரும் வெறும் பெட்டியை வச்சு இழவுக்கு வாசிப்பாங்க. தாளம் கண்டபடி தப்பும். பெட்டிக்குள்ள இருந்து டம் டம் டடடம்னு அடி கேக்கும். மூடியைத் தள்ளிட்டு எந்திரிச்சு, "டேய், என் சாவுக்காவது ஒழுங்கா வாசிங்கடா!"ம்பான். மொத தடவையா முடிவைக் கேட்ட பொம்பளைக குபீர்னு சிரிச்சுட்டாக. சிரிச்ச வாய் மூடுறதுக்குள்ள எல்லாருக்கும் ஞாபகம் வந்துருச்சு. எனக்குக் கண்ணாடியில பின்னாடி பாக்கத் தைரியம் இல்ல.

படம் முடிஞ்சு ஸ்பீக்கர் ஓஞ்சுருச்சு. அப்பப் பனிக்குள்ள இருந்து ஹாரன் வந்துச்சு. அந்த அடி இல்ல. நீளமா, ஒண்ணே ஒண்ணு. எல்லாக் காதுலயும் விழுந்துச்சு. மலை முழுக்கப் போயி அடங்குச்சு.

பின்னாடி இருந்து செல்லத்தாயி என் தோளைத் தொட்டா. ஒரு டிரைவர் பொண்டாட்டிக்கு அந்தச் சத்தத்துக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்ல. தலையில இருந்த பூவை எடுத்து மடியில வச்சுக்கிட்டுச் சொன்னா: "வண்டிய எடுங்கண்ணே. அவுக வழி விட்டுட்டாக."

வழி விட்டவன் மொகத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறது நம்ம தொழில்ல மரியாதை, அதுக்குக்கூட இந்தப் பாழாப்போன பனி விடமாட்டேங்குது.