சுல்தானிடம் பாஸ்போர்ட் கேட்டவர்

எண்பதுகளில் அஜ்மானில் எடுத்த ஓர் அரபி டி.வி. நாடகத்தில் நாங்கள் 'அர்பாப்' என்று கூப்பிடும் எங்கள் கம்பெனி முதலாளிதான் சுல்தான். குதிரைகளும் அவருடையவை. மம்லூக்குகள், அதாவது விலைக்கு வாங்கப்பட்ட அடிமைக் குதிரைப்படையினர் வேஷத்துக்கு, எங்கள் தொழிலாளர் கேம்ப் ஆட்களையே ஓட்டி வந்துவிட்டார். டைப்பிஸ்டான நானும் ஒரு மம்லூக்.

பக்கத்துக் குதிரையில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர். குள்ளமானவர், தகரத் தலைக்கவசம் மூக்குவரை இறங்கியிருந்தது. அடிக்கடி தன் வெறும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"இந்த அடிமைங்க கடைசியில சுல்தானையே கவுத்துட்டு ஆட்சியப் பிடிச்சாங்களாம்ண்ணே" என்றேன்.

"அப்ப அவுங்க பாஸ்போர்ட்டெல்லாம் யாருகிட்ட தம்பி இருந்துச்சு?"

அவருடையது முதலாளியின் பெட்டியில் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு ஆறு மாதமாக லீவு கேட்டும் கிடைக்கவில்லை.

அரண்மனைக் காட்சியில் நாங்கள் வாளை உயர்த்திக் கத்தினோம். அவர் மட்டும் வாளைச் சுல்தானின் கழுத்துக்கு நேரே நீட்டி, "அர்பாப், பாஸ்போர்ட்!" என்றார். முதலாளி நடுங்கிப்போய், நாளை தருவதாகச் சொன்னார். நடிப்பு பிரமாதம் என்று டைரக்டர் கைதட்டினார்.

மறுநாள் காலை கொத்தனார் ஆபீசுக்குள் வந்தார். கையில் சிமெண்ட் கரண்டி, தலையில் அதே தகரக் கவசம். முதலாளி சட்டென்று எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்துவிட்டதால், பெட்டியைத் திறந்தார்.