கூட்டல் கழித்தல் அக்கா

நீராவி அடைத்த குழாயின் கண்ணாடி முகப்பை மூன்றாம் முறையாகத் துடைத்துவிட்டு, “எங்கே, இப்ப சொல்லு பாப்போம்” என்று நீராவியிடம் கேட்டபடி அகச்சிவப்பு ஒளியை உள்ளே விடுகிறார் அக்கா. ஒளியில் கொஞ்சத்தை நீராவி விழுங்கிவிடும். விழுங்கிய இடமெல்லாம் திரையில் பள்ளமாகத் தெரியும். பள்ளங்களின் அகலத்தை அளந்து அட்டவணையில் ஏற்றுவது ஆய்வகத்தில் அவர் வேலை.

பூமியின் வெப்பத்தில் எவ்வளவைக் காற்றுமண்டலம் பிடித்துவைக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அந்த அட்டவணைதான் ஆதாரம். பள்ளங்களோ லட்சக்கணக்கில். ஒவ்வொன்றிலும் கடுகளவு பிசகினாலும் விடை நகர்ந்துவிடும். அதனால் எந்த அளவுக்குப் பக்கத்திலும், எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று எழுதாமல் விடமாட்டார். வயதைக் கேட்டாலும் அப்படித்தான். “ஐம்பத்திரண்டு. கூட்டியோ கழிச்சோ ஆறு மாசம். ஸ்கூல்ல சேர்க்கும்போது அப்பா குத்துமதிப்பா ஒரு தேதி சொல்லிட்டார்.”

“என்னைக் கட்டிக்கச் சம்மதம்னு சொன்னியே, அதுல எவ்வளவு பிசகு?” என்று கணவர் சீண்டுவார்.

“இன்னும் அளந்துட்டுதான் இருக்கேன்.”

போன வருடம் துறைத்தலைவர் ஓர் அறிக்கை தயாரித்தார். மூன்று ஆய்வகங்களின் அட்டவணைகளை வைத்து அக்கா கணக்குப் போட்டார். மூன்று விடைகள் வந்தன. மூன்றையும் அச்சிடச் சொன்னார்.

“ஒரே எண்ணாக் குடுங்க. இவங்களுக்கே தெரியலைன்னு ஊர் சிரிக்கும். பூமி சூடாகிறதே பொய்ங்கிறவனுக்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிடும்.”

“சூடாகுதுன்னு மூணு கணக்கும்தான் சார் சொல்லுது. எவ்வளவுங்கிறதுலதான் வித்தியாசம். அதை மறைச்சு, பின்னால வெளிய வந்தா, உண்மையையும் சேர்த்துப் பொய்யும்பான்.”

தலைவர் மசியவில்லை. “அப்ப என் பேரை எடுத்துடுங்க” என்றார் அக்கா. பெயர் போனது, நாற்காலியும் போனது. கீழ்த்தளத்தில் உடைந்த கருவிகளைப் பட்டியல் போடும் வேலை கொடுத்தார்கள். அக்கா தினமும் சாப்பாட்டு நேரத்தில் நான்கு மாடி ஏறினார். மேலே அந்த நீராவிக் குழாய் அப்போது சும்மாதான் இருக்கும். நின்றபடியே அளந்தார்.

ஏழு மாதம் கழித்து, செயற்கைக்கோள் அளந்த வெப்பம் அறிக்கையின் ஒற்றை எண்ணோடு ஒட்டவே இல்லை. அக்காவின் மூன்று விடைகளுக்கு இடைப்பட்ட எல்லைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. விளக்கம் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. அக்காவை மறுபடி மேலே கூப்பிட்டார்கள்.

தலைவர் திருத்திய அறிக்கையை மேசையில் நகர்த்தினார். “உங்க பேரைச் சேர்த்தாச்சு. நீங்க கேட்ட அந்தக் கூட்டல் கழித்தலும் உள்ளே இருக்கு. அதை மட்டும் பாதியாக் குறைச்சிருக்கோம், பார்க்க நல்லா இருக்கட்டும்னு. கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து போடுங்க, பத்து நிமிஷத்துல அனுப்பணும்” என்று பேனாவைத் திறந்து நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கி மூடி வைத்தார். யாரும் உட்காரச் சொல்லும்வரை காத்திராமல், எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தார்.