ரைட் சொல்வதற்கு முன்

தெருவில் அவருக்கு ‘ரைட்டு’ என்றுதான் பெயர். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து அவர் ரிட்டயராகிவிட்டார், பெயர் இன்னும் ஆகவில்லை. மருந்துக் கடைக்காரர் “சாப்பிட்டப்புறம் ரெண்டு” என்றால் “ரைட்டு” என்பார். மழை வரும்போல இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் “ரைட்டு”தான். “மழைக்கும் நீங்கதான் பர்மிஷன் குடுக்கணுமா?” என்று மனைவி கேலி செய்வாள். அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போது கேலி செய்ய ஆளில்லை. அவர் சொல்கிறார், சுவர் கேட்டுக்கொள்கிறது.

பஸ்ஸில் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் சாலைதான் தெரியும். பின்படியில் யார் ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்பது கண்டக்டருக்குத்தான் தெரியும். அவர் இரண்டு படிகளையும் எட்டிப் பார்த்து “ரைட்” என்றால் வண்டி நகரும். “ரைய்ய்ட்” என்று இழுத்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்க ஆளில்லை, நிற்காமல் போகலாம். படபடவென்று இரண்டு தடவை சொன்னால் பின்னால் ஒரு கூட்டம் ஓடி வருகிறது, உள்ளே மூச்சுவிட இடமில்லை, சீக்கிரம் எடு என்று அர்த்தம்.

நிற்கிற வண்டி கண்டக்டருக்கு ஆகாது. பின்னால் ஹாரன் அலறும், உள்ளே முணுமுணுப்பு கிளம்பும், டெப்போவில் டைம் கீப்பர் முறைப்பார். அதனால் எங்கே எது ஒரு நொடி நின்றாலும், அது பேச்சாக இருந்தாலும், அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வேலை போன பிறகும் வாய்க்கு அது தெரியவில்லை.

ஒரே மகள். வேறு ஊரில், தனியாக அறை எடுத்துத் தங்கி, ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். மனைவி இருந்தவரை முதலில் போனை எடுப்பது இவர்தான். சாப்பிட்டியா, உடம்பு எப்படி, வேலை எப்படி. மூன்றாவது பதிலுக்குப் பிறகு ஒரு இடைவெளி வரும். “ரைட்டும்மா” என்று போனை மனைவியிடம் நீட்டிவிடுவார். அவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாள். இவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல் கேட்பார். “அப்படியா சொன்னா அந்த ஆபீசரம்மா?”, “குடை எங்கடி போச்சு?” என்று இந்தப் பக்கத்துக் குரலை மட்டும் வைத்தே மகளின் வாரம் முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

மனைவி போன பிறகும் போன் வருகிறது. மூன்று கேள்வியும் அதே கேள்விதான், இடைவெளியும் அதே இடத்தில்தான் வருகிறது. “ரைட்டும்மா” என்கிறார். போனை நீட்ட ஆளில்லாததால் அதோடு கட் ஆகிவிடுகிறது. அப்புறம் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போன ஞாயிறு அப்படித்தான் ஆயிற்று. உடம்பு, சாப்பாடு எல்லாம் முடிந்தது. “வேலை எப்படிம்மா?” என்றார்.

“அப்பா, அது வந்து…” என்று நிறுத்தினாள் மகள்.

“ரைட்டும்மா, பாத்துக்கோ” என்றார். வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் காதில் அந்த ‘அது வந்து’ திரும்ப ஒலித்தது. ஏதோ சொல்ல வந்திருக்கிறாள். திருப்பிக் கூப்பிடலாமென்று போனை எடுத்தார். இதுவரை அவராக அவளைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை, மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று. தன் பெயர் ஒளிர்ந்தாலே குழந்தை பதறிப்போகும் என்று கீழே வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார். இந்த ஞாயிறு போனே வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா, டவர் இருக்கிறதா, சத்தம் குறைந்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் இருக்க முடியாமல் பழைய டிரைவர் வீட்டுக்கு நடந்தார். பாதி சர்வீஸை இருவரும் ஒரே வண்டியில் கழித்தவர்கள். டிரைவர் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு, காலை ஸ்டூலில் நீட்டியபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாய்யா ரைட்டு. என்ன மூஞ்சி, பஸ்ஸ விட்டவன் மாதிரி இருக்கு?”

விஷயத்தைச் சொன்னார். டிரைவர் டிவியை அணைத்தார்.

“யோவ், அந்தக் காலேஜ் பையன் ஞாபகம் இருக்கா? நீ கீழ எறங்கி ஒரு அம்மாவோட மூட்டைய எறக்கிட்டு இருந்தப்ப, உள்ளேர்ந்து உன் குரல்லயே ‘ரைட்’னு கத்தினானே?”

“மறக்க முடியுமா? நீ பாட்டுக்குப் போயிட்ட. யாரோட சைக்கிள்லயோ தொத்திக்கிட்டு நாலு ஸ்டாப் துரத்தினேன்.”

“அதுக்கு நீ என்னைத் திட்டின திட்டு இருக்கே!”

“திட்டாம? கண்டக்டர் இருக்கானா இல்லையான்னு ஒரு தடவை திரும்பிப் பாக்க மாட்டியா?”

“நான் திரும்பிப் பாத்தா ஓட்டறது யாரு? ரைட்னு கேட்டா எடுக்கணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏன், எதுக்குன்னு உன்னை ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?” டிரைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “உன் பொண்ணும் எடுத்துட்டா. அவமேல என்ன தப்பு? ஏற வந்தவளை படியில விட்டுட்டு நீதான்யா ரைட் குடுத்திருக்க.”

அவர் அணைந்த டிவியையே பார்த்தார்.

“என்ன முழிக்கிற? ரைட்டுன்னு சொல்லேன் பாப்போம்.”

“போய்யா” என்று எழுந்துவிட்டார்.

இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தார். மனைவியின் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார். குஷன் அவள் சாய்ந்து உட்காரும் பக்கமாகவே அமுங்கியிருந்தது. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

“அப்பா! என்னாச்சு? உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். சும்மாதான்.”

“சும்மாவா? நீங்களா?”

“ஏன், நான் சும்மா பேசக் கூடாதா?”

அவள் சிரித்தாள், ஆனால் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. இடைவெளி வந்தது. நாக்கு மேலண்ணம் வரை போய்விட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் போயிற்று. அதன் சத்தமும் தேய்ந்தது.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. போன வாரம் ஏதோ சொல்ல வந்தியே. நான்தான் வெச்சிட்டேன்.”

மறுபடி மௌனம், முன்னதைவிட நீளமாக. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“வேலை போயிடுச்சுப்பா” என்றாள். “ஒரு மாசம் ஆச்சு. அம்மா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். உங்ககிட்ட எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.”

‘ரைட், பாத்துக்கலாம்’ என்று வந்ததை விழுங்கினார். மனைவியாக இருந்தால் இந்த இடத்தில் என்ன கேட்டிருப்பாள் என்று யோசித்தார்.

“காலைல எந்திரிச்சு என்னம்மா பண்ற?”

“அறையிலயே உக்காந்திருந்தா பைத்தியம் புடிக்குதுப்பா. குளிச்சுட்டு ஆபீஸ் போற மாதிரி கிளம்பிடுவேன். ஏதாவது பஸ்ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். அப்புறம் அதே பஸ்ல திரும்பி வருவேன்.”

“கண்டக்டர் ஏன்னு கேக்க மாட்டாரா?”

“இங்க கண்டக்டரே கிடையாதுப்பா. கார்டைக் காட்டினா மெஷின் பீப்னு சொல்லும்.”

“அப்ப ரைட் யாரு சொல்றது?”

“யாரும் சொல்ல மாட்டாங்க. கதவு தானா மூடிக்கும். வண்டி போயிடும்” என்றாள். “நாள் பூரா யாரும் எதுவும் பேச மாட்டாங்கப்பா.”

“எனக்கும் அதே கதைதாம்மா” என்றார். இப்படி ஒரு வாக்கியத்தை அவர் மகளிடம் அதுவரை சொன்னதில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அவளே பேசினாள். வேலையைவிட்டு அனுப்பியதைச் சொன்ன அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னது, பக்கத்து அறைக்காரிக்கு இன்னும் தெரியாதது, குழம்பு வைக்க அலுத்து ரொட்டியிலேயே காலம் தள்ளுவது. இவர் நடுவில் “அப்படியா?” என்றார், “அப்புறம்?” என்றார். தடுமாறித்தான் வந்தது.

“இங்க வந்துடேம்மா.”

“அடுத்த வாரம் ரெண்டு இன்டர்வியூ இருக்குப்பா. பாக்கறேன்.”

போன் காதில் சுட ஆரம்பித்திருந்தது. “சரி, வெச்சிடட்டுமாப்பா?” என்றாள். ஆனால் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“என்னம்மா?”

“நீங்க இன்னும் சொல்லலையே.”

அவருக்குப் புரிந்தது. அங்கே மழையா என்று கேட்டார். இல்லை என்றாள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படு என்றார். சரி என்றாள். கேட்க வேறொன்றும் தோன்றவில்லை. பழக்க தோஷத்தில் தலையைத் திருப்பி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. ஏற யாருமில்லை.

“ரைட்டும்மா” என்றார்.