ஐந்தாம் நாள் ஊசி

ஆம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக நர்சாக இருந்தாள் அமிர்தவள்ளி. கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுவாள். அது மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காது.

போன மார்ச்சில் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார் தன்சீல் அகமது, ஷூ கம்பெனி சூப்பர்வைசர். மருந்து ஏற்ற இடது கையில் குத்தி வைத்த கேனுலா ஊசி ஐந்தாம் நாளும் அப்படியே இருந்தது. மதியம் மருந்து போடப் போனவள், பிளாஸ்திரியைச் சுற்றிச் சிவந்திருப்பதைப் பார்த்தாள். தொட்டால் நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது.

"எரியுதா பாய்?"

"காலையிலேர்ந்து ஜாஸ்தியா எரியுதும்மா. டாக்டர்கிட்டயும் சொன்னேன்."

டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தாள். "கை செவந்து நரம்பு தடிச்சிருக்கு சார், எடுத்துடட்டுமா?"

"இன்னும் ரெண்டு டோஸ்தானே சிஸ்டர், அதுலயே போட்ருங்க."

அவள் போடவில்லை. மருந்து வரும் குழாயை மூடினாள். கை கழுவி, கிளவுஸ் மாட்டி, கேனுலா அசையாமல் பிடித்தபடி பிளாஸ்திரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். மேலே பஞ்சுத் துணியை வைத்து நேராக, நிதானமாக இழுத்தாள். வெளியே வந்தபின் மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தாள். கேனுலாவின் நுனி உடையாமல் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

புது ஊசி போட வலது கையில் நரம்பு லேசில் கிடைக்கவில்லை. இரண்டு முறை தவறியது. தன்சீலின் மனைவி அஃப்ரோஸ் கத்தினாள். "ஓடிக்கிட்டிருந்த ஊசிய புடுங்கிட்டு இப்ப குத்திக் குத்திப் பாக்குறீங்களா?"

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். "யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"செவந்திருக்குன்னு போன்ல சொன்னேனே சார்."

"என்கிட்ட அப்படி எதுவும் சொல்லலையே."

அமிர்தவள்ளி தன்சீலைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காலையில் தானும் சொன்னதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவளை வார்டிலிருந்து எடுத்து ஃபைல் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் தன்சீல் வீட்டுக்குக் கிளம்பினார். கையில் வீக்கம் வடிந்திருந்தது. அஃப்ரோஸ் டாக்டருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து தன்சீல் கவுன்ட்டருக்கு வந்தார்.

"நீங்க எடுத்தது நல்லதாப் போச்சும்மா" என்றார், மெதுவாக.

"அத அன்னிக்கே அவர் எதிர்ல சொல்லியிருக்கலாமே பாய்."

"நாளைக்கும் இங்கதானே வரணும்..."

அவள் அவருடைய காகிதத்தில் சீல் வைத்துத் தள்ளினாள்.

பிறகு வாணியம்பாடியில் இரண்டு இடங்களில் வேலை கேட்டாள். தகராறு பண்ணுகிற ஆள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போயிருந்தது. இன்னமும் ஃபைல்தான் அடுக்குகிறாள்.