இடுப்பளவு மாறிய நாய்

மாட்டு டாக்டரம்மா நாயை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றொரு பேச்சு. தையல்காரரின் குண்டு நாயை யாருக்கோ தள்ளிவிட்டு, அதே நிறத்தில் ஓர் ஒல்லி நாயை அவர் தலையில் கட்டிவிட்டாராம். சலூனில் பாதி முகம் மழித்த நிலையில் கேட்டேன். மறுபாதி முடிவதற்குள் ஒரு நாய் மூன்று நாயாகிவிட்டது. எதற்கும் பார்த்துவிடலாமே என்று கிளம்பினேன்.

டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள்தான் ஆஸ்பத்திரி. முன்னறையில் ஒரு நீள பெஞ்சு, மூட்டை நிறுக்கும் தராசு. போன மாதம்வரை அந்த பெஞ்சில் மனிதர்களுக்கு இடம் கிடைக்காது. இப்போது காலி. டாக்டரம்மா மேஜையின் ரப்பர் விரிப்பை ஃபினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ஐம்பதைத் தொடும் வயது; புறங்கை முழுக்கப் பூனைகள் போட்ட கையெழுத்து.

"நாயை மாத்திட்டீங்களான்னு கேக்கத்தானே வந்தீங்க? உக்காருங்க" என்றார். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல்.

விஷயம் இவ்வளவுதான். அந்த நாய் தையல் மிஷினுக்கு அடியில் படுத்தபடியே வளர்ந்தது. துணி கொடுக்க வருபவர் பிஸ்கட் போடுவார். வாங்க வருபவர் கேக் போடுவார். நடுவே தையல்காரர் தன் முட்டையின் மஞ்சள் கருவை ஊட்டுவார். எவ்வளவு தின்கிறது என்று கேட்டால் "கொஞ்சந்தான்" என்பார். கொடுப்பதைச் சொன்னாரோ, கொஞ்சுவதைச் சொன்னாரோ. கடைசியில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. டாக்டரம்மா அதைப் பின்னறையில் வைத்துக்கொண்டு, அளந்து போட்டு, காலையும் மாலையும் தானே நடத்திக் கூட்டிப்போனார். தேறும்வரை வந்து பார்க்கவே கூடாது என்று தையல்காரருக்குக் கண்டிப்பு. சட்டைப்பையில் பிஸ்கட் இல்லாமல் வரத் தெரியாத மனிதர்.

நாய் இளைத்துத் திரும்பியதும் தையல்காரர் டேப்பைச் சுற்றினார். அவருக்கு யார் முகமும் நினைவிருக்காது, இடுப்பளவுதான் நினைவிருக்கும். அளவு பாதிக்குப் பாதி. "இது நம்ம ஆளு இல்ல" என்றார். வாலாட்டி மேலே விழுந்ததைப் பார்த்து, எல்லோரிடமும் இப்படித்தான் குழையும்போல என்று சலூனிலும் சொல்லிவிட்டார்.

"சுத்தளவை விட்டுட்டு நீளத்தை எடுக்கச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா என்னை அனுப்பினார்.

தையல்காரர் முன்பு அதற்கொரு குளிர்கோட்டு தைத்தவர், நீளம் மனப்பாடம். கழுத்திலிருந்து வால்வரை பிடித்தார். இன்னொரு தரம் பிடித்தார். நூலளவும் மாறவில்லை. டேப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

"இளைச்சா நீளம் குறையாதுல்ல" என்றார், டேப்பைப் பார்த்து.

போய்ச் சொல்லுங்கள் அண்ணே என்றேன். "டாக்டரம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது? நீங்களே சொல்லிடுங்களேன்."

சொன்னேன். சலூனிலும் சொன்னேன்; டாக்டரிடம் எவ்வளவு காசு வாங்கினாய் என்று கேட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாமாம். "எங்க நாய்தான்னு அவர் வாயால சலூன்ல ஒரு தடவை சொல்லட்டும், போதும்" என்கிறார். தையல்காரர் இப்போது டாக்டரம்மா சொன்னபடியே காலையும் மாலையும் நாயை நடத்திப் போகிறார். டயர் கடை வந்தால் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்கிறார். சலூனுக்கும் போவதில்லை; தாடி வளர்கிறது. அந்த ஒரு சொல் இன்னும் பாக்கி.