மெயில் வராத காலை

தொண்ணூறுகளின் கடைசியில் கணபதி என்ற ஊரில் ஒரு பம்பு கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். முதலாளிகள் அண்ணன், தம்பி இரண்டு பேர். கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். காலையில் போனதும் மோடத்தைப் போட்டு மெயிலை இறக்கி, அச்செடுத்து, அண்ணன் மேசையில் வைக்க வேண்டும். வெளிநாட்டு ஆர்டர்கள் அப்போதுதான் மெயிலில் வரத் தொடங்கியிருந்தன.

அண்ணன் என்னை "அம்மணி" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் வேறு ஆள். வார்ப்பு சரியாக விழவில்லை என்று பட்டறைக்காரர் ஒருவரை எல்லோர் முன்னாலும் செவிட்டில் அறைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று மெயில் வரவில்லை. மோடம் வழக்கம்போலக் கிரீச்சிட்டு இணைந்துவிட்டது. மெயிலைத் திறந்தால் மட்டும், அந்தப் பெயரில் சர்வர் எதுவும் இல்லை என்றது திரை. லைன் இருக்கிறது, பெயர்தான் கிடைக்கவில்லை. இண்டர்நெட் ஆபீசைக் கேட்கலாம் என்றால், மோடத்துக்கும் போனுக்கும் ஒரே லைன். மோடத்தைத் துண்டித்துவிட்டு நம்பரைச் சுழற்றினேன்.

அதற்குள் அண்ணன் உள்ளே வந்துவிட்டார். தம்பி அவர் பின்னால் வந்தார்.

"நேத்து இந்தச் சீட்ல உக்காந்திருந்தது யாருடா?"

"நாந்தானுங்ண்ணா. சும்மா ஒரு லெட்டர் அடிச்சேன்."

"பாஸ்வேர்ட மாத்திப்போட்டு, ஆர்டரையெல்லாம் உன் பக்கம் திருப்பிக்கிட்டியா?"

"சத்தியமா தொடலீங்ண்ணா."

போனைக் காதில் வைத்துக்கொண்டே, "பாஸ்வேர்ட் இல்லீங்க சார், பேர்தான் கிடைக்க மாட்டேங்குது" என்றேன். அவர் காதில் விழவில்லை. மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த பம்பு ஷாப்டை, அந்த இரும்புக் கம்பியை, எடுத்தார். முதல் அடி தம்பியின் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி காதோரம். தம்பி என் மேசையில் மோதித் தரையில் சரிந்தார். கீபோர்டில் ரத்தம் தெறித்தது.

அந்த நேரத்தில்தான் மறுமுனையில் ஒருவர் போனை எடுத்தார். மெயில் வராததைச் சொன்னதும் சாவகாசமாகச் சொன்னார்: "பேரைக் கொடுத்தா நம்பர் எடுத்துத் தர்ற சர்வர மாத்திட்டோம் மேடம். உங்க சிஸ்டம் பழைய சர்வரையே கேட்டுக்கிட்டு இருக்கும். புது நம்பர எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். "இண்டர்நெட்காரங்க நம்பர மாத்திப்போட்டாங்க சார்! இவரு ஒண்ணுமே பண்ணலீங்க!" என்று கத்தினேன்.

அண்ணன் கம்பியைக் கீழே போடவில்லை. "போட்டுப் பாரு" என்றார்.

தம்பி தரையில் முனகிக்கொண்டிருக்க, போனை வைத்துவிட்டு, துப்பட்டாவால் கீபோர்டைத் துடைத்து நம்பரை அடித்து, மோடத்தை மறுபடி இணைத்தேன். மெயில் இறங்கியது. பம்புக்கு நீலப் பெயிண்டுக்குப் பதில் பச்சை அடிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குத் தம்பியோடு நானும் ஆட்டோவில் போனேன். ரேக்கிலிருந்து ஷாப்ட் விழுந்துவிட்டது என்றார் தம்பி. டாக்டர் என்னைப் பார்த்தார். "அவங்கண்ணன் அடிச்சாருங்க" என்றேன். போலீஸ் வந்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தப் புள்ள பயந்துபோயிருக்குதுங்க, ஒண்ணும் பார்க்கலீங்க" என்றார். போலீஸ் போய்விட்டது.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அண்ணன் துடியலூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்ற என் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். "யாரைப் போலீசுல புடிச்சுக் குடுக்கற?" இரண்டாவது முறை மோதும்போது நெற்றி பிளந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, வடித்துக்கொண்டிருந்த கஞ்சியை அப்படியே அவர் முதுகில் ஊற்றினாள். அவர் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

"இன்னொருக்கா வந்து பாரு, மூஞ்சில ஊத்திப்போடுவேன்" என்றாள் அம்மா. பாத்திரம் இன்னும் கையில் ஆவி பறக்க இருந்தது.

அவர் திரும்ப வரவில்லை. அடுத்த வருஷம் சகோதரர்கள் பிரிந்தார்கள். தம்பி தனியாக ஷெட் போட்டு, மெயில் பார்க்க வரச் சொல்லி என்னிடம் ஆள் அனுப்பினார். இடது காது சுத்தமாகக் கேட்காது, பக்கத்தில் வந்துதான் பேச வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் போகவில்லை. அதற்குள் ஒரு மில் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்திருந்தது.